தாத்தாவின் பெட்டியில் கிடைத்த வெள்ளி மெடல்: காலனி போலீஸ், தீயணைப்புப் படை நீண்ட சேவைப் பதக்கங்களை அடையாளம் காண முழு வழிகாட்டி

மலேயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் தகரப் பெட்டியில் சில சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஒரு பழைய பாஸ்போர்ட், கோட் போட்டு எடுத்த ஸ்டுடியோ போட்டோ, மூடி தொலைந்த ஒரு தைல பாட்டில். சில பெட்டிகளில் இவற்றோடு, சாயம் போன ரிப்பனில் தொங்கும் வட்டமான வெள்ளி மெடல் ஒன்றும் இருக்கும். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஒரு தடி. வீட்டில் கேட்டால், "வெள்ளைக்காரன் தாத்தாவோட வீரத்துக்குக் கொடுத்தது" என்று ஒரு கதை வரும். யாரைச் சுட்டார், யாரைப் பிடித்தார் என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

பெரும்பாலும் அது வீரப் பதக்கமாக இருக்காது. பதினெட்டு வருடம் கெட்ட பெயர் வாங்காமல் வேலை பார்த்ததற்கான பதக்கமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் தேடுவதற்கு இதுதான் நல்ல பொருள். வீரப் பதக்கம் ஒரு நாளின் கதையைச் சொல்லும். இதன் விளிம்பைப் படிக்கத் தெரிந்தால் ஒரு மனிதர் எந்த ஊரில், எந்தப் படையில், ஏறக்குறைய எந்த வருடத்திலிருந்து இருந்தார் என்பது வரை போகலாம்.

முதலில், கையை மடக்கிக்கொள்ளுங்கள்

கறுத்த வெள்ளியைப் பார்த்ததும் நம் வீட்டுக் கை விபூதியைத் தேடும். குத்துவிளக்குக்கும் கிண்ணத்துக்கும் அது சரி. மெடலுக்குக் கூடாது. புளி, சாம்பல், பல்பொடி, கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் வேண்டாம். எங்கள் உறவில் ஒரு பெரியவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தன் அப்பாவின் மெடலைப் பளபளவென்று தேய்த்துச் சாமி படத்தின் முன் வைப்பார். நான் பார்க்கும்போது ராஜாவின் மூக்கு மழுங்கியிருந்தது. அது போனால் போகட்டும், விளிம்பில் இருந்த பெயரில் கடைசி நான்கு எழுத்தும் போய்விட்டது. அந்த நான்கு எழுத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆவணக் காப்பகமும் இல்லை.

விளிம்பில்தான் எல்லாமே இருக்கிறது, அந்த எழுத்துகளுக்கு ஆழம் மிகக் குறைவு. மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் தட்டுங்கள், அது போதும். ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பின்பக்கத்தைப் படியுங்கள்

ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 36 மில்லிமீட்டர் குறுக்களவு வரும். பின்பக்கத்தில் ஒரு குண்டாந்தடியும் அதைச் சூழ்ந்த லாரல் இலை வளையமும் இருந்தால் அது போலீஸ். தீயணைப்பு வீரரின் ஹெல்மெட்டும் கோடரியும் இருந்தால் தீயணைப்புப் படை. இரண்டு நீண்ட சேவைப் பதக்கங்களும் 1934-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் ஏற்படுத்தப்பட்டவை. அதற்கு முன் பிரிட்டிஷ் காலனிகள் முழுக்கப் பொதுவாக இப்படி ஒன்று கிடையாது.

படத்தைப் பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1938-இல் காலனி போலீஸ் பதக்கம் என்று இன்னொன்று வந்தது. அதிலும் தடி, இலை வளையம், தீயணைப்புக்கு ஹெல்மெட், கோடரி எல்லாம் உண்டு. அது வீரத்துக்கோ சிறப்பான பணிக்கோ கொடுத்தது, மதிப்பில் மேலானது. இரண்டையும் பிரிப்பது சுற்றி எழுதியிருக்கும் ஆங்கில வாசகம்தான். 'லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட்' என்ற சொற்கள் இருந்தால் நீண்ட சேவை. 'கேலன்ட்ரி' என்றால் வீரம். 'மெரிட்டோரியஸ் சர்வீஸ்' என்றால் சிறப்புப் பணி. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், வீட்டுக் கதை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ரிப்பனும் கொஞ்சம் சொல்லும். போலீஸ் நீண்ட சேவைப் பதக்கத்தின் ரிப்பனில் நடுவில் பச்சை, இரண்டு ஓரத்திலும் கருநீலம், இடையே மெல்லிய வெள்ளி நிறக் கோடு. 1938 பதக்கத்தில் இது அப்படியே தலைகீழ்: நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை. வீரத்துக்கு என்றால் அந்தப் பச்சையின் ஊடே ஒரு சிவப்புக் கோடு கூடுதலாக ஓடும். தீயணைப்பு நீண்ட சேவைக்கும் இதே நிறங்கள்தான், அடுக்கு வேறு. ஆனால் ரிப்பன் துணிதானே, கிழிந்தால் மாற்றியிருப்பார்கள், கிடைத்ததைக் கோத்திருப்பார்கள். ரிப்பன் ஒன்று சொல்லி வாசகம் வேறு சொன்னால் வாசகத்தை நம்புங்கள்.

தீயணைப்புப் பதக்கம் கையில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒரு காலனியின் போலீஸில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தபோது அதன் தீயணைப்புப் படை மிகச் சிறியது. அதில் பதினெட்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் இன்னும் குறைவு. போலீஸ் பதக்கத்தைவிட இது அரிது.

எந்த அரசாங்கத்தின் கீழ்?

பலர் தடுமாறுவது இங்கேதான். "எங்க தாத்தா மெட்ராஸ் போலீஸ், வெள்ளைக்காரன் காலம், அப்படின்னா காலனி மெடல்தானே?" என்று கேட்பார்கள். இல்லை. பிரிட்டிஷ் இந்தியா லண்டனில் இந்திய அமைச்சகத்தின் கீழ் இருந்தது. காலனி அமைச்சகம் வேறு. இந்தப் பதக்கங்கள் காலனி அமைச்சகத்துக்கு உட்பட்ட இடங்களுக்கானவை. மெட்ராஸ் மாகாணத்தில் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவரின் மார்பில் இது ஏறியிருக்க வழியில்லை. அங்கே தேட வேண்டியது 1909-இல் ஏற்பட்ட அரசர் போலீஸ் பதக்கத்தையும், 1932-இல் வந்த இந்தியப் போலீஸ் பதக்கத்தையும். பின்னது வெண்கலம், அதனால் நிறத்திலேயே தெரிந்துவிடும். பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பம் என்றால் கதையே வேறு, அது பிரெஞ்சுக்காரர் ராஜ்யம்.

ஆக, தமிழ்நாட்டு வீட்டில் இந்தப் பதக்கம் இருக்கிறது என்றால் யாரோ கடல் தாண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலேயா, சிங்கப்பூர், பினாங்கு என்பதற்கு வாய்ப்பு அதிகம். பிஜி, மொரீஷியஸ் போன்ற இடங்களும் உண்டு. ஹாங்காங் போலீஸில் இருந்த இந்தியர்கள் பெரும்பாலும் பஞ்சாபியர்.

இலங்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பொலிஸ் சேவையில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் வரும் பதக்கம் மூன்று காலத்தில் ஒன்றாக இருக்கலாம். 1925-இல் இலங்கை பொலிஸுக்கென்றே ஒரு நீண்ட சேவைப் பதக்கம் வந்தது. பின்பக்கத்தில் யானை, அதன் மேல் மகுடம். பதினைந்து வருடம் இருந்தால் போதும். 1934-இல் காலனிகளுக்குப் பொதுவான பதக்கம் வந்ததும் அது நின்றுபோனது. கொஞ்சம் பேருக்கே கிடைத்ததால் அந்த மெடல் இன்று அபூர்வம். சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் இலங்கை மறுபடி தனக்கென்று ஒரு நீண்ட சேவைப் பதக்கம் ஏற்படுத்திக்கொண்டது. அதற்குப் பதினெட்டு வருடம். 1972-இல் குடியரசானதும் அதுவும் போயிற்று. எனவே இலங்கைப் பதக்கம் என்றால் முதலில் யானையையும் அதன் மேல் மகுடத்தையும் தேடுங்கள்.

விளிம்பு

இப்போது மெடலைக் குப்புறவும் வைக்காமல் மல்லாக்கவும் வைக்காமல் இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. செல்போன் டார்ச்சைக் கிட்டத்தட்ட விளிம்போடு படுக்கவைத்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே எட்டு பத்து போட்டோ எடுத்து, பிறகு திரையில் பெரிதாக்கிப் படியுங்கள்.

இருப்பது வழக்கமாக ஒரே வரி: பதவியின் சுருக்கம், படை எண், பெயர், பல சமயம் படையின் பெயரும். அச்சாக அழுத்தியிருக்கலாம், செதுக்கியும் இருக்கலாம். எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது அந்த எண். பெயர் மாறும், எழுத்துக்கூட்டல் மாறும். ஒரு படைக்குள் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எண்தான். எனவே முதல் வேலையாக எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 3, 8 இரண்டும் தேய்ந்தால் ஒன்றுபோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது பெயர். நம்மவர் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், அதை இன்னொருவர் பார்த்துச் செதுக்கினார். முத்துசாமியின் 'மு'வுக்கு ஒரு இடத்தில் 'யூ', இன்னொரு இடத்தில் இரண்டு 'ஓ'. சாமிக்கு நடுவே சும்மா ஒரு 'டபிள்யூ' வந்து உட்கார்ந்திருக்கும். கந்தையா 'கே'யில் தொடங்கலாம், 'சி'யிலும் தொடங்கலாம். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். இலங்கையில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். மலேயாவில் 'இன்னாரின் மகன்' என்று நீண்டிருக்கும், அல்லது தகப்பன் பெயரே குடும்பப் பெயர்போல் முன்னால் வந்திருக்கும். விளிம்பில் தாத்தாவின் பெயர் இல்லை, கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு பட்டியலாகப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேடும்போது உதவும்.

விளிம்பு வெறுமையாக இருந்தால்? பெயர் போடாமல் வெளியே வந்த மெடலாக இருக்கலாம், மாதிரியாகவோ நகலாகவோ இருக்கலாம், யாராவது பெயரை அராவி எடுத்திருக்கலாம். அராவியிருந்தால் அந்த இடத்தில் விளிம்பு சற்றுத் தட்டையாகவும் குறுக்களவு ஒரு மயிரளவு குறைவாகவும் இருக்கும். காலிப்பர் வைத்து இரண்டு மூன்று திசையில் அளந்தால் தெரிந்துவிடும். வாங்கப் போகிற மெடல் என்றால் இதைச் செய்யாமல் காசை எடுக்காதீர்கள்.

ராஜா தலை சொல்லும் காலம்

மெடலில் வருடம் போட்டிருக்காது. முன்பக்கத் தலையை வைத்துத்தான் கணிக்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1934-க்கும் 1936-க்கும் இடைப்பட்ட முதல் தொகுதி, குறைவாகவே கிடைக்கும். ஆறாம் ஜார்ஜ் என்றால் தலையைச் சுற்றியுள்ள லத்தீன் சுருக்கங்களைப் பாருங்கள். 'இந்த் இம்ப்' என்று இருந்தால் அவர் இன்னும் இந்தியாவின் பேரரசர். 1948-இல் அந்தப் பட்டம் கைவிடப்பட்டது, அதன் பிறகு அடித்த மெடல்களில் அது இல்லை. நம் சுதந்திரம் மலேயாவில் ஒரு கான்ஸ்டபிளின் மெடலில் இரண்டு சொல்லாகக் காணாமல் போனதை நான் முதன்முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலிசபெத் ராணி தலை இருந்தால் 1950-களும் அதற்குப் பிறகும்.

கணக்குப் போடுங்கள்

பதக்கத்துக்கான தகுதி பதினெட்டு வருட நற்சேவை. 25 வருடம் முடிந்தால் ரிப்பனில் ஒரு வெள்ளிப் பட்டை, 30 முடிந்தால் இன்னொன்று. இதை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணலாம். ஆறாம் ஜார்ஜ், 'இந்த் இம்ப்' இல்லை, பட்டையும் இல்லை, மலேயா என்று வைத்துக்கொள்வோம். பதக்கம் ஏறக்குறைய 1949-க்கும் 1953-க்கும் இடையில் வந்திருக்கும். அப்படியானால் ஆள் வேலைக்குச் சேர்ந்தது 1935 வாக்கில், அல்லது அதற்கும் முன்னால். 'முன்னால்' என்பதை மறக்க வேண்டாம். பதினெட்டு முடிந்த மறுநாளே மெடல் கைக்கு வந்துவிடாது. கோப்பு நகர வேண்டும், மேலதிகாரி எழுத வேண்டும், இடையில் ஜப்பான்காரன் வந்து 1942-இலிருந்து 1945 வரை எல்லாக் கோப்பையும் கலைத்துப்போட்டான். ஆக, கழித்து வரும் வருடம் ஒரு மேல் எல்லைதான். அதற்குப் பிந்தி அவர் சேர்ந்திருக்க முடியாது.

பட்டைகள் இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். இரண்டு பட்டை என்றால் முப்பது வருடம். எலிசபெத் தலை உள்ள மெடலில் இரண்டு பட்டை இருந்தால் அவர் ராணியின் காலத்துக்கு முன்பே சேர்ந்தவராக இருக்க வாய்ப்புண்டு. அவருடைய பிறந்த வருடத்தையும் பக்கத்தில் எழுதி, சேர்ந்த வயது பொருந்துகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதில் போலீஸில் சேர்ந்ததாக வந்தால் எங்கோ தப்பு.

பதவியும் ஒரு குறிப்புதான். இந்தப் பதக்கம் ஆரம்பத்தில் கீழ்ப்பதவிக்காரர்களை மனதில் வைத்து ஏற்பட்டது. 1956-இல்தான் எல்லாப் பதவியினருக்கும் திறந்துவிட்டார்கள். விளிம்பில் பெரிய அதிகாரியின் பதவி இருந்தால் அந்த வருடத்துக்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம்.

ஒரு கிளைக்குறிப்பு. முழுநேரப் போலீஸ் அல்லாத ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கென்று 1957-இல் தனிப் பதக்கம் வந்தது. சம்பளம் இல்லாமல் ஒன்பது வருடம், சம்பளத்தோடு என்றால் பதினைந்து. கணக்குப் போடும் முன் உங்கள் கையில் இருப்பது இதுவா என்று பின்பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். சிறைக் காவலர்களுக்கும் 1955-இல் இதுபோல் ஒன்று வந்தது.

காகிதத்தைத் தேடுங்கள்

முதல் காப்பகம் வீடுதான். பென்ஷன் புத்தகம், பணிச் சான்றிதழ், ஓய்வு பெற்றபோது எடுத்த குரூப் போட்டோ. போட்டோவின் பின்னால் யாராவது பென்சிலால் எழுதியிருப்பார்கள். வயதான அத்தையிடம் "தாத்தா வீரமா என்ன செஞ்சார்?" என்று கேட்காதீர்கள், வீரக் கதைதான் வரும். "எந்த டவுன்ல குவார்ட்டர்ஸ்? பக்கத்து வீட்டில் யார்? நீங்க எந்தப் பள்ளிக்கூடம் போனீங்க?" என்று கேளுங்கள். ஈப்போ, கிள்ளான், சிரம்பான் என்று ஊர்ப் பெயர் தானாக வந்து விழும்.

வெளியே தேடும்போது எல்லோரும் முதலில் போவது லண்டன் கெஸட் இணையதளத்துக்கு. அது இலவசம், தேடுவதும் எளிது. ஆனால் அங்கே நீண்ட சேவைப் பதக்கம் வாங்கியவரின் பெயர் கிடைக்காததைப் பார்த்துவிட்டு மெடலே போலி என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். லண்டன் கெஸட்டில் வருவது 1938 பதக்கம் போன்ற மேல்நிலை விருதுகள். அவை புத்தாண்டு, பிறந்தநாள் விருதுப் பட்டியல்களில் வரும். நீண்ட சேவை அந்தந்தக் காலனியின் உள்ளூர் கெஸட்டில்தான் வரும். ஹாங்காங் என்றால் 1941 வரையிலான அரசு கெஸட்டை அங்குள்ள பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இலங்கைக்குக் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். மலேயாவுக்குக் கோலாலம்பூரின் அர்கிப் நெகாரா என்ற தேசிய ஆவணக் காப்பகம், சிலாங்கூர் செயலகக் கோப்புகள்போல் நிர்வாகக் கடிதங்களும் அங்கே உண்டு. லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அமைச்சகக் கோப்புகள் 'சி.ஓ.' என்ற எழுத்துகளில் தொடங்கும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு 273, இலங்கைக்கு 54 என்ற தொடர் எண். அங்கே ஒரு கான்ஸ்டபிளின் பெயரைத் தேடி நேரடியாகக் கிடைப்பது அரிது. படை எப்படி நடந்தது, எங்கே நிறுத்தப்பட்டது என்பது கிடைக்கும்.

மலேயா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை நியூஸ்பேப்பர் எஸ்ஜி என்ற தளத்தில் போட்டிருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகளோடு, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. பெயரைப் போட்டுக் கிடைக்காவிட்டால் எண்ணைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் 'போலீஸ் பரேட்', 'லாங் சர்வீஸ் மெடல்' என்று ஆங்கிலத்தில் போட்டு, நீங்கள் கணித்த வருடங்களுக்குள் மட்டும் வடிகட்டுங்கள். அணிவகுப்பில் மெடல் வாங்கியவர்கள் பட்டியல் சில சமயம் முழுசாக வரும். முன்னால் எழுதிவைத்த பெயர்ப் பட்டியல் அங்கேதான் கைகொடுக்கும்.

கூடவே வேறு மெடல் இருந்தால்

பிரித்துவிடாதீர்கள். ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு போட்டு, 'மலாயா' என்று பட்டை இருந்தால் அது பொதுச் சேவைப் பதக்கம். 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலேயாவில் தொடங்கிய அவசரகாலத்தில் பணியாற்றிய ராணுவத்தினரோடு போலீஸாருக்கும் கொடுத்தார்கள். அதன் விளிம்பிலும் பெயர் இருக்கும். இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தால் ஆள் உறுதி. பதவி மாறியிருந்தால் இடையில் பதவி உயர்வு வந்திருக்கிறது. 1935 வெள்ளி விழா, 1937, 1953 முடிசூட்டு விழா மெடல்கள் பெயரில்லாமலே கொடுக்கப்பட்டவை. விளிம்பு வெறுமையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

பத்திரப்படுத்துவது

ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மலிவான பிளாஸ்டிக் உறையும் அந்துருண்டையும் வேண்டாம். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, ஈரம் ஏறாத அலமாரியில் வைத்தால் போதும். கடற்கரை ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பது உங்கள் விருப்பம். விற்கிறீர்கள் என்றால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நகைக்கடைத் தராசுக்கு விளிம்பிலுள்ள பெயர் தெரியாது, உருக்கினால் அவ்வளவுதான். குடும்பத்தில் யாராவது நினைவு நாளில் அணிய விரும்பினால், சொந்தமாக வாங்கியவர் இடது மார்பில் அணிவார், வாரிசுகள் வலது மார்பில் அணிவது வழக்கம். இன்னும் பிரிட்டனின் கீழ் இருக்கிற சிறு தீவுகளில் போலீஸ் பதக்கத்தின் பெயரிலிருந்து 'காலனி' என்ற சொல் 2012-இல் நீக்கப்பட்டு, 'கடல்கடந்த பிரதேசங்கள்' என்று மாறியது. அந்தப் புதுப் பெயரில் எதையாவது பழைய மெடல் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் உள்ளதை உள்ளபடி, தப்பான எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள். அதன் கீழே வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயர், சொந்த ஊர், நீங்கள் கணக்கிட்ட வருடங்கள், எந்தத் தகவல் யார் சொன்னது என்பதும். பேனா வேண்டாம், பென்சில். மடித்து மெடலுக்கு அடியில் வையுங்கள்.